அரசனின் ஆசைநாயகி என்ற பதவி: ஐரோப்பிய அரண்மனைகளில் அது உருவான விதமும் இன்றுவரை விட்டுச்சென்ற சட்டச் சிக்கல்களும்

2020 அக்டோபர் 1ஆம் தேதி பிரசல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பால், 52 வயதான கலைஞர் டெல்ஃபீன் போவெல் பெல்ஜியத்தின் இளவரசி ஆனார். முன்னாள் மன்னர் இரண்டாம் ஆல்பர்ட் தம் மண உறவுக்கு வெளியே பெற்ற மகள் அவர் என்பது மரபணுச் சோதனையில் ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. தந்தையின் குடும்பப் பெயரும் இளவரசிப் பட்டமும் அவருக்குக் கிடைத்தன. அரியணை வரிசையில் இடம் கிடைக்கவில்லை. 2023 மே 6ஆம் தேதி லண்டனில் மூன்றாம் சார்லஸுடன் கமிலாவும் முடிசூட்டப்பட்டபோது வேறொரு குழப்பம் எழுந்தது. 2005இல் அவர்களுடைய திருமணத்தின்போது, சார்லஸ் மன்னரானாலும் கமிலா அரசி என்று அழைக்கப்படமாட்டார், இளவரசி என்றே அழைக்கப்படுவார் என்று அரண்மனை அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பு என்ன ஆயிற்று, அதற்குச் சட்டத்தில் இடம் இருந்ததா என்று வாசகர்கள் பலர் கேட்டார்கள்.

இரண்டு செய்திகளுக்கும் பின்னால் இருப்பது ஒரே வரலாறு. மன்னர்களின் மண உறவுக்கு வெளியிலான தொடர்புகளை நாம் அந்தரங்கக் கதைகளாகப் படித்துப் பழகிவிட்டோம். ஐரோப்பாவின் பல அரசவைகளில், குறிப்பாக பிரான்சில், அது சம்பளமும் மாளிகையும் சடங்குகளும் கடமைகளும் கொண்ட ஒரு பதவியாக ஏறத்தாழ 300 ஆண்டுகள் இருந்தது. பதவிக்குரிய எல்லாம் இருந்தும், அதைத் தாங்கிப்பிடிக்க ஒரு சட்டம்கூட இல்லை என்பதுதான் அதன் தனித்தன்மை. அந்தப் பதவியை வகித்த பெண்களின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் இந்த ஒரு முரண்பாட்டிலிருந்தே புரிந்துகொள்ள முடியும்.

சொல்லில் தொடங்கும் சிக்கல்

தமிழில் இந்த உறவைக் குறிக்கப் புழங்கும் சொற்கள் எவையும் இங்கே முழுமையாகப் பொருந்தவில்லை. 'வைப்பாட்டி' என்பதில் இழிவு ஏறியிருக்கிறது. 'காமக்கிழத்தி' என்பது இலக்கியத்தின் அகத்துறைச் சொல். 'ஆசைநாயகி' என்பதில் காதல் இருக்கிறது, பதவி இல்லை. பிரெஞ்சு அரசவையில் வழங்கிய தொடர் 'மெத்ரெஸ் ஆன் தீத்ர்' என்பதாகும். பட்டம் வகிக்கும் ஆசைநாயகி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். மன்னருக்குப் பலருடன் தொடர்பு இருக்கலாம், ஆனால் இந்த நிலையில் ஒரு நேரத்தில் ஒருவரே இருந்தார். அவருக்கு அரண்மனைக்குள் அறைகள் ஒதுக்கப்பட்டன, வெளிநாட்டுத் தூதர்கள் அவரைச் சென்று கண்டார்கள், அமைச்சர்கள் அவருடைய விருப்பத்தைக் கணக்கில் எடுத்தார்கள்.

பிரான்சில் இவ்வாறு வெளிப்படையாக ஏற்கப்பட்ட முதல் பெண்ணாகப் பொதுவாகச் சொல்லப்படுபவர், ஏழாம் சார்லஸ் மன்னரின் ஆசைநாயகி ஆக்னெஸ் சொரெல். அவர் 1450இல், முப்பது வயதை எட்டுவதற்குள், இறந்தார். 2005இல் அவருடைய எச்சங்களை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவ அறிஞர்கள் அவற்றில் பெருமளவு பாதரசம் இருந்ததைக் கண்டறிந்தனர். அது மருந்தாகக் கொடுக்கப்பட்டதா, நஞ்சாகக் கொடுக்கப்பட்டதா என்பதை அந்த எலும்புகளும் தலைமுடியும் சொல்லவில்லை.

திருமணம் ஓர் உடன்படிக்கையாக இருந்தபோது

இந்தப் பதவி ஏன் தோன்றியது என்பதைப் புரிந்துகொள்ள, அரசத் திருமணம் எதற்காக நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1. அரசத் திருமணம் இரு நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம். 1659இல் பிரான்சும் ஸ்பெயினும் செய்துகொண்ட பிரெனே அமைதி உடன்படிக்கையின் ஒரு பகுதியாகவே 14ஆம் லூயி 1660இல் ஸ்பெயின் இளவரசி மரியா தெரெசாவை மணந்தார். இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் 1662இல் போர்ச்சுகல் இளவரசி பிரகான்சா கேத்தரினை மணந்தபோது, ஆப்பிரிக்காவின் தாஞ்சியர் நகரும் இந்தியாவின் பம்பாயும் சீதனமாக வந்தன. அந்தப் பம்பாயை 1668இல் ஆண்டுக்கு 10 பவுண்டு குத்தகைக்குக் கிழக்கிந்திய கம்பெனியிடம் மன்னர் ஒப்படைத்தார்.

2. ஆகவே மணமக்களின் விருப்பம் அங்கே கேட்கப்படவில்லை. 15ஆம் லூயிக்கு 1725இல் திருமணம் நடந்தபோது அவருக்கு வயது 15. மணமகளான போலந்தின் மரியா லெஸ்சின்ஸ்காவுக்கு 22.

3. அரசியின் முதன்மைக் கடமை வாரிசைப் பெற்றுத் தருவது. மரியா பத்து ஆண்டுகளுக்குள் பத்துக் குழந்தைகளைப் பெற்றார். அந்தக் கடமை நிறைவேறிய பிறகு கணவனும் மனைவியும் விலகி வாழ்வதை அரசவை இயல்பாக எடுத்துக்கொண்டது.

4. கத்தோலிக்க அரசருக்கு மணவிலக்கு இல்லை. திருமணம் செல்லாது என்று போப்பாண்டவர் அறிவித்தால்தான் வழி; அதுவும் அரசியல் கணக்குகளைப் பொறுத்தது.

இந்த நான்கும் சேரும்போது, அரசியின் இடம் அசைக்க முடியாததாகவும், மன்னரின் மனதுக்கு நெருக்கமானவரின் இடம் காலியாகவும் இருந்தது. அந்தக் காலியிடத்தைச் சுற்றித்தான் அரசவைக் குடும்பங்கள் திட்டமிட்டன. தங்கள் பெண்ணையோ தங்களுக்கு வேண்டிய பெண்ணையோ அங்கே அமர்த்திவிட்டால் பதவி, ஓய்வூதியம், படைத்தலைமை, வரி வசூல் உரிமை என எல்லாமே கைக்கு எட்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1745 செப்டம்பர் 14: பதவியேற்பு

ஆசைநாயகிக்கு நியமன ஆணை கிடையாது. அதன் இடத்தில் இருந்தது அறிமுகச் சடங்கு. அரசவையில் முறைப்படி அறிமுகம் செய்யப்படாத பெண் மன்னருடன் ஒரே மேசையில் அமரவோ, அவருடைய வண்டியில் ஏறவோ முடியாது. அறிமுகம் பெற மேன்குடிப் பட்டம் வேண்டும், ஏற்கெனவே அறிமுகமான ஒரு பெருமாட்டி அழைத்துச் செல்ல வேண்டும்.

பிற்காலத்தில் மதாம் த பொம்பதூர் என்று அறியப்பட்டவரின் பிறப்புப் பெயர் ழான் அந்துவானெத் புவாசோன். பாரிஸின் நிதித்துறைச் சூழலில் பிறந்த பட்டமில்லாத குடும்பத்துப் பெண், 1741இல் திருமணமானவர். 1745 பிப்ரவரியில் வெர்சாய் அரண்மனை முகமூடி விருந்தில், மன்னர் 15ஆம் லூயியும் அவருடைய துணைவர்கள் சிலரும் வெட்டிவிடப்பட்ட யூ மரங்களைப் போல வேடமிட்டு வந்த அந்த இரவிலிருந்து அவருடைய பெயர் மன்னருடன் சேர்த்துப் பேசப்பட்டது. கணவரிடமிருந்து சட்டப்படி பிரிவு பெறப்பட்டது. வாரிசற்றுப் போயிருந்த பொம்பதூர் என்ற பட்டத்தையும் நிலத்தையும் மன்னர் அவருக்கு வாங்கிக் கொடுத்தார். செப்டம்பர் 14ஆம் தேதி, கொந்தி இளவரசி அவரை அழைத்துவந்து அறிமுகம் செய்துவைத்தார்.

அந்தச் சடங்கில் தவறு நேர இடம் அதிகம். இடுப்பின் இருபுறமும் அகன்ற வளையப் பாவாடையும் தரையில் இழுபடும் நீண்ட துகிலுமாக மூன்று முறை தாழ்ந்து வணங்க வேண்டும். பிறகு முதுகைக் காட்டாமல், துகிலைக் குதிகாலால் ஒதுக்கிக்கொண்டே பின்னோக்கி நடந்து வெளியேற வேண்டும். மன்னரிடம் வணங்கி முடித்ததும் அரசியிடம் செல்ல வேண்டும். அரசி என்ன பேசுவார் என்று அறிய அறையே நிறைந்திருந்தது. உடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டால் அது புறக்கணிப்பு என்று எல்லோருக்கும் விளங்கும். அரசி மரியாவோ, இருவருக்கும் அறிமுகமான ஒரு பெருமாட்டியின் நலம் விசாரித்தார். அத்தனை பேர் முன்னிலையில் தமக்குக் காட்டப்பட்ட அந்த மரியாதையை பொம்பதூர் கடைசிவரை மறக்கவில்லை. அரசியின் சூதாட்டக் கடன்களை அடைக்க மன்னரைத் தூண்டியதாகவும் அரசவையினர் பேசிக்கொண்டனர்.

அதே சடங்கை 1769இல் தம் பிற்கால ஆசைநாயகியான மதாம் து பாரிக்கு நடத்த மன்னர் பெரும்பாடு பட வேண்டியிருந்தது. எளிய குடியில் பிறந்த அவருக்குப் பட்டம் தேடி, முந்தைய ஆண்டில் ஒரு கோமானுக்குப் பெயரளவில் மணம் முடித்துவைத்தார்கள். அழைத்துச்செல்ல ஒரு பெருமாட்டி கிடைக்காமல், கடனில் இருந்த ஒருவரைக் கண்டுபிடித்துக் கடனை அடைத்துச் சம்மதிக்க வைத்தார்கள். 1770இல் மன்னரின் பேரனுக்கு மணமகளாக வந்த மரி அந்துவானெத், தம்மைவிடக் கீழ்நிலையில் உள்ளவர் தம்மிடம் முதலில் பேச முடியாது என்ற விதியைப் பயன்படுத்தி, து பாரியிடம் ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார். ஆஸ்திரியத் தூதரும் தாயான பேரரசி மரியா தெரெசியாவும் வற்புறுத்திய பிறகே, 1772 ஜனவரி 1ஆம் தேதி, 'இன்று வெர்சாயில் நல்ல கூட்டம்' என்று ஒரு வாக்கியத்தை அவர் இருந்த திசையில் சொன்னார். ஆஸ்திரியா–பிரான்ஸ் உறவு அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தது என்பது மிகையல்ல.

நெருக்கம்தான் அதிகாரம்

முடியாட்சியில் எல்லா நியமனங்களும் ஒரே மனிதரின் கையெழுத்தில் முடிகின்றன. அந்த மனிதரை நாள்தோறும் தனிமையில் சந்திப்பவர் யாரோ அவரிடமே மனுக்கள் வந்து குவியும். 14ஆம் லூயியின் காலத்தில் அவருடைய ஆசைநாயகி மதாம் த மொந்தெஸ்பானின் முன்னறையில் காத்துக்கிடந்தவர்களும், பின்னர் பொம்பதூரின் மாடிப்படியில் ஏறியவர்களும் இதை அறிந்தே வந்தார்கள்.

பொம்பதூருக்கு இருந்த செல்வாக்கு உடலுறவைச் சார்ந்தது என்று எண்ணுவது பெரும் பிழை. அவர்களிடையே அது 1750ஐ ஒட்டி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவருடைய செல்வாக்கு உச்சத்தை எட்டியது. 1752இல் கோமகள் தகுதி பெற்றார். 1756இல் அரசியின் சேடிப் பெருமாட்டிகளில் ஒருவராகவே நியமிக்கப்பட்டார். வின்சேனில் இருந்த பீங்கான் ஆலை 1756இல் செவ்ருக்கு மாறி வளர்ந்ததில் அவருடைய ஆதரவு பெரியது. வறிய மேன்குடி இளைஞர்களுக்காக 1751இல் நிறுவப்பட்ட பாரிஸ் இராணுவப் பள்ளிக்கு அவர் முனைந்து உழைத்தார். 1753இல் அவர் வாங்கிய பாரிஸ் மாளிகைதான் இன்றைய பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரின் இல்லமான எலிசே.

அரசியலிலும் அவர் கை இருந்தது. 1756இல் பிரான்ஸ் தன் நெடுநாள் எதிரியான ஆஸ்திரியாவுடன் கூட்டுச் சேர்ந்தபோது, முதற்கட்டப் பேச்சுகள் அவர் மூலமாகவும் அவருடைய ஆதரவாளரான பெர்னிஸ் மூலமாகவும் நடந்தன. தொடர்ந்த ஏழாண்டுப் போரில் பிரான்ஸ் தோற்றது. அந்தப் போரின் தமிழ்நாட்டுக் களத்தில், 1760 ஜனவரியில் வந்தவாசியிலும் 1761 ஜனவரியில் புதுச்சேரியிலும் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. தோல்விக்கான வசைப்பாடல்கள் பாரிஸ் தெருக்களில் பொம்பதூரின் மீதே பாடப்பட்டன. இது நியாயமற்றது என்றே நான் கருதுகிறேன். கூட்டணியைத் தேடி வந்தது வியன்னா, ஒப்புக்கொண்டது மன்னர், இங்கிலாந்துடனான மோதலோ அமெரிக்காவில் முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் மன்னரைக் குறைகூறுவது குற்றமாக இருந்த நாட்டில், அவர் அருகில் இருந்த பெண்ணைத் திட்டுவதே மக்களுக்குக் கிடைத்த வடிகால். பழியைத் தாங்குவதும் அந்தப் பதவியின் எழுதப்படாத கடமைகளில் ஒன்றாக இருந்தது.

மன்னரின் நோய்ப்படுக்கையில் முடியும் பதவி

திருச்சபை இந்த உறவைப் பாவம் என்றே கருதியது. மன்னர் நலமாக இருக்கும்வரை மதகுருக்கள் கண்டித்துப் பேசினாலும் பொறுத்துப்போனார்கள். சாவு நெருங்கியதும் நிலை தலைகீழானது. பாவ அறிக்கையும் இறுதி அருட்சாதனமும் இல்லாமல் சாவது கத்தோலிக்கருக்கு நரகத்தைக் குறிக்கும். பாவத்தை விட்டு விலகாதவருக்கு மன்னிப்பு இல்லை. எனவே அந்தப் பெண் வெளியேறிய பிறகே குரு உள்ளே வருவார்.

1744 ஆகஸ்டில் போர்முனைக்குச் சென்ற 15ஆம் லூயி மெட்ஸ் நகரில் கடுமையாக நோயுற்றார். அப்போதைய ஆசைநாயகியான ஷாத்தோரூ கோமகள் அருகில் இருந்து கவனித்துக்கொண்டிருந்தார். அவர் ஊரைவிட்டு நீங்கினால்தான் அருட்சாதனம் வழங்க முடியும் என்று சுவாசோன் ஆயர் ஃபிட்ஸ்ஜேம்ஸ் உறுதியாகக் கூறினார். மன்னர் பணிந்தார், தம் நடத்தைக்காக வருந்துவதாகப் பலர் முன்னிலையில் அறிவிக்கவும் செய்தார். கோமகளும் அவருடைய சகோதரியும் திரையிட்ட வண்டியில் பாரிஸ் நோக்கிப் புறப்பட்டபோது வழியெங்கும் மக்கள் ஏசினார்கள். மன்னர் பிழைத்துக்கொண்டார். நாடு அவருக்கு 'அன்புக்குரியவர்' என்று பெயர் சூட்டியது. அவமானத்தை மறக்காத மன்னர், ஆயரைத் தம் மறைமாவட்டத்தோடு ஒதுங்கியிருக்கச் செய்து, கோமகளைத் திரும்ப அழைத்தார். ஆனால் அவர் டிசம்பரில் 27 வயதில் இறந்துபோனார்.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1774 மே மாதத்தில், பெரியம்மையால் அதே மன்னர் சாகக் கிடந்தபோது து பாரியையும் இவ்வாறே அனுப்பிவிட்டார்கள். மன்னர் இறந்ததும் அவரை ஒரு கன்னியர் மடத்தில் அடைத்தார்கள். நாட்டுப் பணத்தில் வாழ்ந்த அதே பெண்ணுக்கு, மன்னரின் மூச்சு நின்ற பிறகு ஒரு விதவைக்குரிய உரிமைகூடக் கிடையாது. 1559இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஆன்றி இறந்தவுடன், அவருடைய அன்புக்குரிய தியான் த புவாத்தியேவிடமிருந்து அரசி கத்தரின் த மெடிசி முடியாட்சி நகைகளையும் ஷெனோன்சோ மாளிகையையும் திரும்பப் பெற்றுக்கொண்டதும் இதே காரணத்தால்தான்.

அரசிக்கு ஒரு நீதி

ஆசைநாயகியின் துயரத்தைச் சொல்லிவிட்டு மனைவியை விட்டுவிட முடியாது. இரண்டாம் சார்லஸ் 1662இல், புதிதாக வந்த கேத்தரினின் பள்ளியறைப் பெருமாட்டிகள் பட்டியலில் தம் ஆசைநாயகி பார்பரா வில்லியர்ஸின் பெயரைச் சேர்த்தார். கேத்தரின் அந்தப் பெயரை அடித்தார். பிறகு மன்னரே ஒரு பெண்ணை அழைத்துவந்து அறிமுகம் செய்தபோது, அவர் யார் என்று அறிந்ததும் அரசிக்கு மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது, மயங்கி விழுந்தார். மன்னர் இரங்கவில்லை. உடன் வந்த போர்த்துக்கீசியப் பணியாளர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார். மொழி தெரியாத நாட்டில் தனித்துவிடப்பட்ட அரசி இறுதியில் பணிந்தார்.

பெண் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு, பின்னாளில் இங்கிலாந்தின் முதலாம் ஜார்ஜ் ஆன ஹனோவர் இளவரசரின் குடும்பமே சான்று. அவர் மெலுசீன் என்ற பெண்ணுடன் வாழ்ந்து மூன்று மகள்களைப் பெற்றார். மனைவி சோஃபியா டொரோத்தியா வேறொருவரை விரும்பியதற்காக 1694இல் மணவிலக்குச் செய்யப்பட்டு ஆல்டன் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். 1726இல் இறக்கும்வரை 30 ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே இருந்தார். தம் பிள்ளைகளை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. இங்கிலாந்தின் 1351ஆம் ஆண்டு இராஜத் துரோகச் சட்டமும் அரசனின் மனைவியோடு உறவுகொள்வதைத் துரோகம் என்கிறது. அரசியின் வயிற்றில் பிறப்பவர் அரசனின் மகன்தானா என்ற ஐயம் அரியணையையே ஆட்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

பிள்ளைகள்: இரண்டு நாடுகள், இரண்டு வழிகள்

உறவு மன்னரோடு முடிந்தாலும் பிள்ளைகளின் உரிமை தொடர்ந்தது. அதில் பிரான்சும் இங்கிலாந்தும் வேறுபட்டன.

1. பிரான்சில் மன்னர் ஓர் ஆணையால் பிள்ளையை முறைப்படுத்தலாம். மொந்தெஸ்பானின் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது: அவருக்குக் கணவர் உயிருடன் இருந்ததால், தாயின் பெயரை எழுதினால் சட்டப்படி தந்தை அந்தக் கணவரே ஆவார். ஆகவே 1673இல் வெளியான ஆணையில் தாயின் பெயரே இல்லை. சட்டத்தின் ஏட்டில் அந்தக் குழந்தைகள் தாயில்லாமல் பிறந்தவர்கள்.

2. முறைப்படுத்துவது பெயரையும் பட்டத்தையும் தரும், அரியணையைத் தராது. 14ஆம் லூயி 1714இல் அந்த எல்லையைத் தாண்டி, தம் இரு மகன்களை அரியணை வரிசையில் சேர்த்தார். அவர் 1715இல் இறந்தார். 1717இல் அந்த ஆணை நீக்கப்பட்டது.

3. இங்கிலாந்தில் மன்னர் தனியாக இதைச் செய்ய முடியாது, நாடாளுமன்றம் வேண்டும். இரண்டாம் சார்லஸ் தம் பிள்ளைகளை முறைப்படுத்த முயலாமல் கோமகன் பட்டங்களை வழங்கினார். 'மன்னரின் மகன்' என்று பொருள்படும் ஃபிட்ஸ்ராய் என்ற குடும்பப் பெயர் சிலருக்குக் கிடைத்தது. கேத்தரினுக்குக் குழந்தை இல்லாததால் அரியணை மன்னரின் தம்பிக்குப் போயிற்று; அதை எதிர்த்து 1685இல் கிளர்ந்த மன்னரின் மூத்த மகன் மன்மத் கோமகனின் தலை வெட்டப்பட்டது.

அந்தக் கோமகன் குடும்பங்களில் கிராஃப்டன், ரிச்மண்ட், செயின்ட் ஆல்பன்ஸ் ஆகியவை இன்றும் உள்ளன. இளவரசி டயானா இரண்டாம் சார்லஸின் இத்தகைய மகன்களின் வழிவந்தவர். ஆகவே வில்லியம் முடிசூடும்போது, நேர்வழி வாரிசற்றுப் போன அந்த மன்னரின் இரத்தம் இங்கிலாந்து அரியணைக்குத் திரும்பும்.

பதவி மறைந்த விதம்

அதிகாரம் அமைச்சரவைக்கும் நாடாளுமன்றத்துக்கும் நகர்ந்ததும் இந்தப் பதவிக்கு வேலை இல்லாமல் போயிற்று. பத்திரிகைகளும் மன்னரிடம் குடும்ப ஒழுக்கத்தை எதிர்பார்த்தன. பவேரியாவின் முதலாம் லுட்விக், நடனக்காரி லோலா மொன்டெஸுக்குக் கோமாட்டிப் பட்டம் அளித்துச் செல்வாக்கும் கொடுத்தபோது மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1848 மார்ச்சில் மன்னரே முடி துறந்தார். இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் நெருங்கிய தோழி ஆலிஸ் கெப்பலுக்கு 1910வரை விருந்துகளில் இடம் இருந்தது, பட்டம் இல்லை. அவர் இன்றைய அரசி கமிலாவின் கொள்ளுப்பாட்டி.

இருபதாம் நூற்றாண்டில் கேள்வியே மாறிவிட்டது: விரும்பிய பெண்ணை மன்னர் மணக்கலாமா? மணவிலக்குப் பெற்ற வாலிஸ் சிம்ப்சனை மணக்க விரும்பிய எட்டாம் எட்வர்ட், அவருக்கு அரசிப் பட்டம் இல்லாத திருமணமாவது நடக்கட்டும் என்றார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கணவரின் தகுதி சேராத அத்தகைய மணமுறை ஜெர்மானிய அரசுகளில் உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தில் இல்லை. அமைச்சரவை மறுத்தது; 1936 டிசம்பரில் அவர் முடி துறந்தார்.

கமிலாவைப் பற்றிய குழப்பத்துக்கு விடை இதில் இருக்கிறது. மன்னரின் மனைவி மணத்தாலேயே அரசி ஆகிறார் என்பதே அந்நாட்டு வழக்குச் சட்டம். 2005இல் அரண்மனை சொன்னது ஓர் எண்ணம் மட்டுமே. அதற்குச் சட்ட வலிமை கிடையாது. 2022 பிப்ரவரியில் இரண்டாம் எலிசபெத், கமிலா அரசி என்றே அழைக்கப்பட வேண்டும் என்ற தம் விருப்பத்தை வெளியிட்டதும் அந்த எண்ணம் கைவிடப்பட்டது.

டெல்ஃபீன் வழக்கில் இரண்டு சட்டங்கள் வேலை செய்தன. மணத்துக்குள் பிறந்தாலும் வெளியே பிறந்தாலும் ஒரு தந்தையின் பிள்ளைகள் சமம் என்பது இன்றைய குடும்பச் சட்டம். ஆகவே உடன்பிறந்தவர்களுக்கு உள்ள பெயரும் பட்டமும் அவருக்கும் கிடைத்தன. அரியணையைப் பற்றிப் பேசுவது பெல்ஜிய அரசமைப்பின் 85ஆம் பிரிவு. நாட்டின் முதல் மன்னரான முதலாம் லெப்போல்டின் வழித்தோன்றல்களில் முறையான மணத்தில் பிறந்தவர்களுக்கே முடி உரியது என்று அது சொல்கிறது, அந்தச் சொற்கள் இன்னும் திருத்தப்படவில்லை.